27 பிள்ளைகள் படிக்கும் பள்ளியை மூடிவிடுவார்களா?

உசிலம்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். நோட்டுத் தாளில் எழுதிய நான்கு பக்கக் கடிதம் அது. சுருக்கிச் சொல்கிறேன்.

கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். இவர் விடியும் முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போய்விட்டு, எட்டு மணிக்குத் திரும்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவரும் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். மொத்தம் 27 பிள்ளைகள். தலைமை ஆசிரியை ஒருவர், இடைநிலை ஆசிரியர் ஒருவர் என்று இருந்த பள்ளி. ஜூலை மாதம் அந்த இடைநிலை ஆசிரியரை 'மாற்றுப் பணி' என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். இன்னொரு அறையில் மேல்கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிவதால் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கேட்டால், "டெல்லியிலிருந்து பணம் வரவில்லை" என்பதுதான் பதில். தற்காலிகமாக ஒரு டீச்சரை வைத்துக்கொள்ளலாம், ஒரு பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார். கடிதம் எழுதியவர்தான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. ஆனால் இதுவரை அவர் செய்த வேலை, தீர்மான நோட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும். இரண்டு முறை வெற்றுப் பக்கத்திலும் போட்டிருக்கிறார். "30 பிள்ளைகளுக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவார்கள்" என்று ஊரில் பேச்சு. மகளை உசிலம்பட்டியில் உள்ள உதவிபெறும் பள்ளியிலும், மகனை 'ஆர்டிஇ கோட்டா'வில் (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம்) தனியார் பள்ளியிலும் சேர்த்துவிடச் சொல்கிறார் அண்ணன். கடைசியில் இப்படிக் கேட்கிறார்: "மூடுவதற்குள் என் பிள்ளைகளை எடுத்துவிடவா? நான் எடுத்தால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள். அந்தப் பாவம் என்மேல் வருமா?"

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் பாவம் ஆகாது. ஒரு பள்ளியைக் காப்பாற்றும் பாரத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்த முடிவைத் தவறான தகவலை நம்பி எடுத்துவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி ஐந்தாறு தகவல்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது?

பிள்ளைகள் எண்ணிக்கை 30-க்குக் கீழே போனால் பள்ளியை மூட வேண்டும் என்று இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 எங்கேயும் சொல்லவில்லை. அப்படியானால் உங்கள் ஊர்ப் பேச்சில் இந்த எண் எப்படி வந்தது என்று யோசித்தேன். அது மானியக் கணக்கில் இருந்து வந்திருக்கலாம். சமக்ர சிக்‌ஷா என்ற, ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருடாவருடம் 'பள்ளி மானியம்' என்று ஒரு தொகை உண்டு. சாக்பீஸ், பெருக்குமாறு, குழாய் ரிப்பேர், கழிப்பறைச் சுத்தம், சின்னச் சின்ன பழுதுபார்ப்பு எல்லாம் அதிலிருந்துதான் நடக்கும். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய் வரை. 30-ஐத் தாண்டி 100 வரை இருந்தால் 25,000 ரூபாய் வரை. 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம்.

ஆக, 30 என்பது பணம் கூடும் இடம். அது பள்ளியை மூடும் கோடு கிடையாது. உங்கள் ஊரில் இன்னும் நான்கு பிள்ளைகள் சேர்ந்து 31 ஆனால், மானியம் 25,000 ரூபாய் அடுக்குக்குப் போகும். ஆட்டோ ஏறி வெளியே போகும் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

சரி, பள்ளியை இணைக்கவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியுமா? முடியாது. பிள்ளைகளே இல்லாமல் போன பள்ளிகள் இயங்காமல் நின்றிருக்கின்றன. ஆனால் ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2011 விதிகளில் உள்ள அளவு. அடுத்த தொடக்கப் பள்ளி இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க்கரை தாண்டி மெயின் ரோட்டைக் கடந்து இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பள்ளியை மூட நினைப்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தூரத்துக்குத்தான். மனுவில் இந்தத் தூரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இரண்டு ஆசிரியர் என்பது உங்கள் உரிமை

உங்கள் கடிதத்திலேயே சட்டப்படி மிக வலுவான விஷயம் இதுதான். நீங்களோ அதை நான்காம் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு என்று இருக்கிறது. 27 பிள்ளைகளுக்கு ஓராசிரியர் போதும் என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்கு மாறானது. அப்புறம் பிரிவு 25(2)-ஐப் பாருங்கள். இந்த ஆசிரியர் - மாணவர் விகிதத்தைக் காப்பதற்காக, ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டும்தான் விலக்கு.

இன்னொரு பள்ளியில் அதைவிட நெருக்கடி இருக்கிறது, அதனால்தான் மாற்றுப் பணியில் எடுத்தோம் என்று வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லலாம். அவருக்கும் காலியிடங்களை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய நிலைமை. அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு கூரையிலிருந்து ஓடு பிடுங்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. உங்கள் பள்ளியில் அந்தப் பணியிடம் இன்னும் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடங்களை நிர்ணயம் செய்கிறார்கள், உபரி என்று காட்டி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலும் செய்கிறார்கள். அடுத்த ஆகஸ்ட் வருவதற்குள் அந்த ஆசிரியர் திரும்ப வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க ஒருவரே ஓட்டிவிட்டால், "அங்கே ஒருவரே போதும்போல" என்ற எண்ணம் அலுவலகத்தில் தானாக ஊறிவிடும்.

டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்பது

இது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போட வேண்டும். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ-க்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அது புதிய கல்விக் கொள்கையை ஏற்பதாக ஆகிவிடும் என்பது மாநிலத்தின் நிலைப்பாடு. அதைக் காட்டி 2024-25-க்குத் தர வேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து, இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனதிலிருந்தே இந்த இழுபறிக்கு விதை இருக்கிறது. ஒரு கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காகப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்தி வைப்பது எனக்கு வேதனை தருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் உங்கள் பள்ளிக் கதை வேறு. முதலாவது, மாற்றுப் பணியில் போன ஆசிரியருக்கு அங்கேயும் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவர் இங்கே இல்லாததற்கும் டெல்லிப் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 7(5)-ன்படி, ஒன்றிய அரசு தரும் தொகையையும் தன் மற்ற வருவாயையும் கணக்கில் கொண்டு, நிதியைத் தரும் பொறுப்பு மாநில அரசுடையது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கில், ஒன்றிய நிதி வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில் ஒன்றிய அரசின் கடமையையும் நினைவூட்டியிருக்கிறது. இரண்டு அரசுகளின் வழக்கு முடியட்டும் என்று உங்கள் மகன் மூன்றாம் வகுப்பிலேயே காத்திருக்க முடியாது அல்லவா?

500 ரூபாயும் வெற்றுப் பக்கமும்

மாதம் 500 ரூபாயை யாரும் கட்டாயமாகக் கேட்க முடியாது. தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்குத் தடையாக அமையும் எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளையின் மேல் விழக் கூடாது என்கிறது பிரிவு 3. ஊர்க்காரர்கள் மனமுவந்து பள்ளிக்கு ஏதாவது செய்வது வேறு விஷயம். அதுவும் தீர்மானம் போட்டு, ரசீது கொடுத்து, கணக்கில் வரவு வைக்க வேண்டும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையைத் தனியாகப் பார்க்கக் கூடாது.

தற்காலிக ஆசிரியருக்கு அரசிலேயே வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. காலியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவே தற்காலிக ஆசிரியரை நியமிக்க 2022-ல் அரசு அனுமதி கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு முதலில் மாதம் 7,500 என்று அறிவித்து, பிறகு 12,000 ஆக உயர்த்தினார்கள். அந்தச் சம்பளம் அரசுப் பணம், பூப்பறித்த கூலி அல்ல. ஆனால் உங்கள் பள்ளியில் பணியிடம் காலி இல்லை, ஆள்தான் வெளியே போயிருக்கிறார். அதனால் "போனவரைத் திருப்பி அனுப்புங்கள்" என்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். "முடியாவிட்டால் பதிலாள் தாருங்கள்" என்பது இரண்டாவது.

அப்புறம் அந்த வெற்றுப் பக்கம். சகோதரி, இதை அழுத்திச் சொல்கிறேன். இனி ஒருபோதும் அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் தலைவி. அந்தப் பக்கத்தில் பின்னால் என்ன எழுதினாலும் அது நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். ஏற்கெனவே போட்ட இரண்டு பக்கங்களில் இப்போது என்ன இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் நோட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் மகளை வாசிக்கச் சொல்லுங்கள். சம்மதமில்லாதது இருந்தால், அதை ஏற்கவில்லை என்று அதே கூட்டத்தின் தீர்மானத்தில் பதிய வையுங்கள்.

பிரிவு 21-ன்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, மூன்றும் குழுவின் வேலை. நீங்கள் எழுதும் வளர்ச்சித் திட்டம்தான் அரசு தரும் மானியத்துக்கு அடிப்படை என்று பிரிவு 22 சொல்கிறது. கணக்கைக் கேட்பது தலைமை ஆசிரியையைச் சந்தேகப்படுவதாகாது. ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவும் காலை உணவுப் பதிவும் செய்துகொண்டு அவர் திணறிக்கொண்டிருப்பார். மனுவில் அவர்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லாதீர்கள். அவர் அலுவலகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை நீங்கள் சொல்ல முடியும். இந்த விஷயத்தில் உங்களுக்கு முதல் துணை அவர்தான்.

கூரை

இதற்குக் காத்திருக்கக் கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். அதையொட்டிய வழக்கில்தான், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் சேர்ந்தது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

பலர் தவறான கதவைத் தட்டுவது இதில்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர் கல்வித் துறையைச் சேர்ந்தவர். ஆனால் கட்டடத்தைப் பார்க்க வேண்டியது ஊராட்சி ஒன்றியம். எனவே கூரைக்கான மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும். ஒன்றியப் பொறியாளர் வந்து கட்டடத்தின் உறுதியைப் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்று கேளுங்கள். கம்பி தெரியும் இடத்தைப் போட்டோ எடுத்து இணையுங்கள். அறையைப் பூட்டி வைத்தது நல்லது. பிள்ளைகள் அந்தத் தாழ்வாரத்திலும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை மாற்றுவது பற்றி

அண்ணன் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் மகன் விஷயத்தில் அவர் சொல்வது நடக்காது. தனியார் பள்ளியின் 25 சதவீத இடம் எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குத்தான். மூன்றாம் வகுப்பில் இருப்பவனை நான்காம் வகுப்பில் அந்தக் கோட்டாவில் சேர்க்க முடியாது. சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

மகள் அடுத்த ஜூனில் எப்படியும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அதனால் அவளுக்காக ஊர்ப் பள்ளி மூடிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. எந்தப் பள்ளி என்பதுதான் கேள்வி. 'உதவிபெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானே' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். 2020-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் வந்த சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக ஒதுக்குகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உங்கள் பக்கத்தில் நிறைய இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் வரும். உதவிபெறும் பள்ளி வராது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்பில் வந்து நிற்கும். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அது போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் 7.5 சதவீதம் போய்விடும்.

இதையெல்லாம் மீறி, உதவிபெறும் பள்ளிதான் அவளுக்குப் பாதுகாப்பு, பஸ் வசதி, தோழிகள் என்று எல்லா வகையிலும் சரியாக இருக்கிறது என்று தோன்றினால் தாராளமாகச் சேருங்கள். தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் போதும். அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாற்றினால் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்பது சட்டம். 'இப்போது தர முடியாது' என்று இழுத்தடிக்க முடியாது.

மகனை இந்த வருடம் ஊர்ப் பள்ளியிலேயே வையுங்கள் என்பது என் கருத்து. காலை உணவுத் திட்டம் முதலில் தொடங்கியது நம் மதுரையில், 2022 செப்டம்பரில், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். நீங்கள் விடியற்காலையில் தோட்டத்தில் இருக்கும்போது உங்கள் மகன் வயிறு நிறைவது அங்கேதான். அடுத்த ஜூனுக்குள் இரண்டாவது ஆசிரியர் வராவிட்டால் மறுபடி யோசியுங்கள். அப்போது எடுத்தாலும் தப்பில்லை.

இனி செய்ய வேண்டியது

குழுக் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். வார்த்தைகள் இப்படி இருந்தால் போதும்: "எங்கள் பள்ளியில் 27 மாணவர்கள் படிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஜூலை முதல் இடைநிலை ஆசிரியர் மாற்றுப் பணியில் வேறு பள்ளியில் உள்ளார். இது பிரிவு 25(2)-க்கு முரணானது. அடுத்த தொடக்கப் பள்ளி இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அவரை உடனே எங்கள் பள்ளிக்குத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்."

சட்டத்தின் பிரிவு 32-ன்படி எழுத்து மூலமான புகார் உள்ளாட்சி அமைப்புக்குப் போக வேண்டும். அவர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனவே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு முகவரியிட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தொடக்கக் கல்வி மாவட்டக் கல்வி அலுவலருக்கும் நகல் வையுங்கள். கையில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்துவிடுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் இதையே தீர்மானமாகக் கொண்டுவர முடிந்தால் மனுவுக்குக் கனம் கூடும். பள்ளி மானியம் எவ்வளவு வந்தது, மாற்றுப் பணி ஆணை எந்தத் தேதியில் போட்டது என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். 2004-ல் மதுரைக் கிளை வருவதற்கு முன்பு இதற்கெல்லாம் சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். இப்போது ஒத்தக்கடை போனால் போதும். வக்கீலுக்குப் பணம் என்ற கவலையும் வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். சட்டப் பிரிவையும் தேதியையும் குறிப்பிட்டு, 20 பெற்றோர் கையெழுத்தோடு வரும் மனுவை அலுவலகத்தில் சாதாரணமாக ஒதுக்கிவிட மாட்டார்கள். மனுவை எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.